சொன்னால்தான் மார்க்

அத்தியாயம் 14

போன வாரம் மார்சி நியேமி பரீட்சையில் ஃபெயிலானது நினைவிருக்கலாம். மறந்திருந்தாலும் குற்றமில்லை. அவள் வீட்டில் யாரும் மறக்க விடமாட்டார்கள்.

பத்தொன்பது வருடமாக ஆம்புலன்ஸில் ஓடுகிறவள் மார்சி. காட்டில் மரத்துக்கு அடியில் சிக்கியவனையும், உறைந்த ஏரியில் ஓட்டை விழுந்து உள்ளே போனவனையும் தூக்கி வந்தவள். ஆனால் நரம்பில் ஊசி போடவும் மருந்து ஏற்றவும் அவளுக்கு உரிமை கிடையாது. அது பாராமெடிக்குகள் செய்கிற வேலை. அந்த உரிமைக்காகத்தான் நாற்பத்து நாலு வயதில் கல்லூரி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

வேலையை விட வழியில்லை, படிப்பை விட மனமில்லை. இருபத்து நாலு மணி நேர டியூட்டி ஒரு நாள், வகுப்பு ஒரு நாள், தூக்கம் ஒரு நாள் என்று எட்டு மாதத்தை உருட்டிவிட்டாள். அந்தத் தூக்க நாளையும் பாதி நேரம் யாராவது லீவு போட்டு விழுங்கிவிடுவார்கள்.

அதே வகுப்பில் இரண்டு பெஞ்சு முன்னால் அவள் மகள் பிரிட்டா. இருபத்திரண்டு வயது. ஆம்புலன்ஸில் ஒரு வருட அனுபவம்தான், ஆனால் பாடம் அவளுக்குத் தலைகீழாக வரும். அம்மாவும் பெண்ணும் ஒரே வண்டியில் வேலை செய்யக் கூடாது என்பது நிர்வாகத்தின் விதி. ஒரே வகுப்பில் படிக்கக் கூடாது என்று யாரும் விதி எழுதவில்லை. எழுதியிருக்கலாம் என்று மார்சிக்குச் சில சமயம் தோன்றும்.

போன சனிக்கிழமை நடந்தது இதுதான். செய்முறைப் பரீட்சை. அடிபட்டவனைப் போல் ஒரு மாணவன் தரையில் கிடந்தான். மார்சி உள்ளே போனாள், மண்டியிட்டாள், கழுத்து அசையாமல் தலையைப் பிடித்தாள், மூச்சைப் பார்த்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஆளைத் தொடுவதற்கு முன், "கையுறை போட்டாச்சு, இடம் பாதுகாப்பா இருக்கா?" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கையில் உறை இருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் சொன்னால்தான் மார்க். சொல்லாமல் தொட்டுவிட்டால் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாகச் செய்தாலும் பூஜ்யம்.

இருபது வருடம் சமைத்தவளிடம், அடுப்பைப் பற்ற வைக்கிறேன் என்று அறிவித்துவிட்டுப் பற்ற வை என்றால் எப்படி இருக்கும்? மார்சிக்கு அப்படித்தான் இருந்தது. வண்டியில் யாரும் தான் செய்வதை வர்ணித்துக்கொண்டு வேலை செய்வதில்லை.

மறுதேர்வு ஒன்றே ஒன்று. இந்தச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. அதிலும் கோட்டை விட்டால் வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அடுத்த ஆகஸ்டில் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்குத் தன்னிடம் தெம்பு மிச்சம் இல்லை என்பது மார்சிக்கு நன்றாகத் தெரியும்.

*

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அவள் டியூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, ஆர்வோ அடுப்பிலிருந்து முட்டை அப்பத்தை எடுத்துக்கொண்டிருந்தான். அரசாங்கத்தின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறவன் ஆர்வோ. மூன்று வாரமாக வானம் அவனுக்கு லீவு கொடுக்கவில்லை. இன்றுதான் கொட்டாமல் விட்டிருக்கிறது. எங்கள் ஊரில் மார்ச் மாதம் பனிக்காலத்தின் கடைசி இல்லை, நடுவயது.

"எத்தனை?" என்றான் ஆர்வோ. அந்த வீட்டில் காலை வணக்கம் அதுதான்.

"ஒம்பது. அதுல ஒண்ணு நூத்தி நாப்பது மைல் தள்ளி பெரிய ஆஸ்பத்திரிக்கு. ரெண்டு மணி நேரம் தூங்கினேன். அதுலயும் பக்கத்து ரூம்ல டுவெய்ன் குறட்டை." வண்டியில் அவளுக்கு ஜோடி டுவெய்ன்.

"படிச்சியா?"

"திரும்பி வர்றப்ப டுவெய்ன் கேள்வி கேட்டான். வண்டிக்குள்ள எதைத் தொடறதுக்கும் முன்னாடி 'கையுறை போட்டாச்சு'ன்னு சொல்லச் சொன்னான். சாண்ட்விச் எடுக்கறப்பகூட."

ஆர்வோ சிரித்துக்கொண்டே அப்பத்தின் மேல் காட்டுப்பழ ஜாமைத் தாராளமாக ஊற்றினான். "சாப்டு. படு. பத்தரைக்கு எழுப்பறேன்."

"பதினொண்ணு."

"பத்தரை. உம் பொண்ணு டைம்டேபிள் போட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கா. அதுல எனக்குப் பதினோரு மணிக்கு அடிபடணும்னு எழுதியிருக்கு."

இந்த எட்டு மாதத்தில் ஆர்வோவுக்கு நாற்பது தடவையாவது அடிபட்டிருக்கும். அம்மாவும் பெண்ணும் பயிற்சி செய்ய ஓர் உடம்பு வேண்டுமே. ஹால் கம்பளத்தில் அவன் கார் விபத்தில் சிக்கினான், தேனீ கொட்டி மூச்சுத் திணறினான், நான்கு தடவை செத்தும் போனான். எல்லாவற்றையும் ரசித்துச் செய்தான். அவன் போட்ட ஓலத்தைக் கேட்டு ஒருமுறை எதிர்வீட்டுக்காரர் மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

மார்சி சாப்பிட்டாள். சாக்ஸோடு கட்டிலில் விழுந்தாள். நான்கு மணி நேரம் முன்பு யாரோ ஒரு கிழவரின் நெஞ்சில் ஒட்டிய வயர்கள் வரைந்த கோட்டை அவள் பார்த்திருந்தாள். அது என்ன கோடு, எந்த மருந்து வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் தெரியாதவள் போல நின்று பாராமெடிக் வரும்வரை காத்திருந்தாள். படிக்கிறவர்களுக்கு வேலையில் இது ஒரு தண்டனை. கண்ணை மூடும்போது அதுதான் கடைசியாக ஞாபகத்தில் இருந்தது.

*

பத்தரைக்கு எழுப்பியது பிரிட்டா. கையில் காபியும் ஒரு கட்டு அட்டையும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு விபத்து எழுதியிருக்கும். பரீட்சையில் நோயாளியைப் பற்றி எது கேட்டாலும் தேர்வாளர் அட்டையைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். பிரிட்டாவும் அப்படியே நடத்துவாள். அவளுக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும்.

"இன்னைக்கு வெளியில, அம்மா. கம்பளத்துல செஞ்சு செஞ்சு உனக்கு எல்லாம் வீடு மாதிரி ஆயிடுச்சு. அதான் வாய் திறக்க மாட்டேங்குது."

"வெளியில பூஜ்யத்துக்குக் கீழ எட்டு டிகிரி."

"பரீட்சைல வேர்க்கறதுக்கு இது பரவால்ல. சவுனா சுவத்துல ஏணி சாத்தி வச்சிருக்கேன். அப்பா அதுக்கு அடியில படுப்பார்."

வீட்டுக்குப் பின்னால் இருந்த மரக்கொட்டகைதான் சவுனா. சனிக்கிழமை மாலைகளில் குடும்பமே உள்ளே உட்கார்ந்து சுடுகல்லில் தண்ணீர் ஊற்றி, எழும் ஆவியில் வேர்த்துக் குளிக்கும். அதன் கூரையில் இரண்டடிப் பனி ஏறியிருந்தது.

வாசலில் ஆர்வோ பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். "அடிபடறதுக்கு முன்னாடி அந்தக் கூரைப் பனியைத் தள்ளிடறேன். சாயங்காலம் சவுனா போடணும். உங்கம்மா பாஸானா சந்தோஷக் குளியல், ஃபெயிலானா துக்கக் குளியல்."

"நீ நடிச்சா போதும்ப்பா. வேலையெல்லாம் செய்யாத."

"சரிங்க டாக்டரம்மா." மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு போனான்.

மார்சி இரண்டாவது காபியைக் குடித்தாள். நீல உறைகளைக் கையில் இழுத்து மாட்டினாள். பதினோரு மணிக்கு அம்மாவும் பெண்ணும் பின்பக்கம் வந்தபோது ஆர்வோ ஏணிக்கு அருகில் ஒருக்களித்துக் கிடந்தான். மண்வெட்டி தள்ளிக் கிடந்தது. தொப்பிகூடக் கழன்று உருண்டிருந்தது. அப்பா இன்று தொப்பியையும் யோசித்திருக்கிறாரே என்று பிரிட்டாவுக்குப் பெருமையாக இருந்தது.

"ஆரம்பிக்கலாம். பத்து நிமிஷம்," என்று பிரிட்டா ஃபோனில் நேரத்தை ஓடவிட்டாள்.

"கையுறை போட்டாச்சு. இடம் பாதுகாப்பா இருக்கா?"

"இருக்கு."

"எத்தனை பேருக்கு அடி?"

"ஒருத்தருக்கு."

"என்ன ஆச்சு?"

பிரிட்டா அட்டையைப் பார்த்தாள். "ஏணியிலேருந்து விழுந்துட்டார். எட்டடி உயரம்."

மார்சி பனியில் மண்டியிட்டாள். "சார், நான் மார்சி. ஆம்புலன்ஸ்லேருந்து வந்திருக்கேன். உங்க பேரு என்ன?"

இந்தக் கேள்விக்கு ஆர்வோ தடவைக்கு ஒரு பெயர் சொல்வான். போன செவ்வாய்க்கிழமை அவன் சுவீடன் ராஜா.

"ஆர்வோ," என்றான். குரல் மெல்ல வந்தது. "ஆர்வோ நியேமி. கொஞ்சம் மெதுவா தொடு, மார்சி. தயவுசெஞ்சு."

மார்சியின் கை பாதியில் நின்றது.

கத்துகிறவனை அப்புறம் பார்க்கலாம், தாழ்ந்த குரலில் மரியாதையாகப் பேசுகிறவனை முதலில் பார்க்க வேண்டும். பத்தொன்பது வருட வேலையில் கற்றது இது, எந்த அட்டையிலும் இல்லாதது. இருபத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் ஆர்வோ அவளிடம் தயவுசெய்து என்று சொன்னதே இல்லை.

"பிரிட்டா, அட்டையைக் கீழ போடு."

"நோயாளி பேசறதுக்கு முன்னாடி நீ இன்னும் ரெண்டு வரி சொல்லணும்மா. மார்க் போயிடும்."

"கீழ போடுடி. இது நிஜம்."

அட்டைகள் பனியில் சிதறின. பாடத்தைப் பக்கம், வரியோடு ஒப்பிக்கும் பிரிட்டா, "அப்பா, அப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றாள்.

மார்சியின் நிலைமையும் சிலாக்கியமாக இல்லை. ஆயிரம் பேரை மளமளவென்று தொட்டுப் பார்த்த கைகள் இப்போது மடியில் கிடந்தன. ஊரான் வீட்டு ஆளாக இருந்தவரைக்கும் கைக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிடப்பது ஆர்வோ என்றதும் அந்தக் கைகளுக்கு எல்லாமே மறந்துவிட்டது. அவளுக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்போது வாய் தானாக ஆரம்பித்தது.

"தலை அசையக் கூடாது. பிரிட்டா, பின்பக்கம் உக்காரு. ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடு. ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

சொன்னது நடந்தது. அடுத்த வரி வந்தது.

"பேசறார், மூச்சுக்குழல் அடைப்பில்ல. நெஞ்சு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறி இறங்குது. பெரிய ரத்தப்போக்கு இல்ல. இப்ப நாடி பாக்கறேன்."

வாய் ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல, கை பின்னாலேயே போயிற்று. கடிவாளத்தைப் பிடித்து யாரோ நடத்திக்கொண்டு போவது போல் இருந்தது. போன வாரம் அசட்டுச் சடங்கு என்று அவள் திட்டிய வார்த்தைகள்தான். ஒன்று விடாமல், வரிசை தவறாமல் சொன்னாள்.

"நாடி அம்பத்தி ரெண்டு." குளிரில் கிடந்தவன், மெதுவாகத்தான் இருக்கும் என்று வாய் அடுத்த வரிக்குத் தாவிவிட்டது. "கழுத்துல வலி இருக்கா? இல்லங்கறார். வலது காறையெலும்பு உடைஞ்சிருக்கு, கையில தட்டுப்படுது. வயிறு மெத்துனு இருக்கு. இடது கணுக்கால் வீங்குது. பாதத்துல விரலை ஆட்டு ஆர்வோ. ஆட்டறார்."

"எவ்வளவு மார்க்?" என்றான் ஆர்வோ கண்ணை மூடிக்கொண்டே.

பிரிட்டா மூக்கை உறிஞ்சினாள். "நூத்துக்கு நூறு. பேசாத, தலை ஆடுது."

*

பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கியது டுவெய்ன். காலை மாற்று ஆள் ஒருத்தர் வராததால் இரண்டாவது டியூட்டியையும் தலையில் கட்டியிருந்தார்கள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"வீட்டுக்குப் போயும் எனக்கு வேலை வைக்கிறியே மார்சி," என்றான். ஆர்வோவைப் பார்த்ததும் விளையாட்டை விட்டான். "என்ன ஆச்சு?"

"ஏணி. எட்டடி," என்றாள் மார்சி. மற்றதையும் வரிசையாகச் சொன்னாள். டுவெய்ன் எழுதிக்கொண்டான். மார்சி சொன்னால் அவன் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

ஆர்வோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு டுவெய்னின் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். மணி பதினொன்று இருபது.

ஸ்ட்ரெச்சர் உள்ளே ஏறியதும் மார்சியும் பின்னால் ஏறப் போனாள்.

"எங்க ஏர்ற நீ?" என்றான் ஆர்வோ.

"இது என்ன கேள்வி? உங்கூடத்தான்."

"ரெண்டு மணிக்கு உனக்கு பரீட்சை."

"நாசமாப் போகட்டும் பரீட்சை."

"இந்தா பாரு. உனக்காக நாப்பது தடவை அடிபட்டிருக்கேன். நாலு தடவை செத்திருக்கேன். அவ்வளவும் வீணாப் போகணுமா? எலும்பு ஒட்டற வரைக்கும் நீ பக்கத்துல உக்காந்து என்ன பண்ணப் போற? தலையில தடவுவ. அதுக்கு பிரிட்டா போதும்."

"நான் போறேம்மா," என்றாள் பிரிட்டா. ஏற்கெனவே உள்ளே ஏறி அப்பாவின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "நீ ஃபெயிலாகி வீட்ல உக்காந்தா இவரோட ஒரு வருஷம் யாரு பேசறது?"

மார்சி டுவெய்னைப் பார்த்தாள். "என்னைப் பாக்காத," என்றான் டுவெய்ன். "எலும்புதான். ஆளு தெளிவா இருக்கான். போ. நீ பாஸாகலைன்னா அந்த சாண்ட்விச்சை நான் மன்னிக்கவே மாட்டேன்."

கதவு மூடியது. வண்டி போயிற்று. மார்சி பனியில் நின்றாள். கோபமும் வந்தது, இப்படி ஒரு குடும்பம் வாய்த்ததே என்று நெஞ்சு நிறைந்தும் வந்தது. கல்லூரிக்குப் பனிச் சாலையில் இரண்டு மணி நேர ஓட்டம். உடை மாற்றக்கூட நேரம் எடுக்காமல் காரை எடுத்தாள்.

*

தேர்வு அறையில் வகுப்பு வாத்தியாரும் தேர்வாளருமான கோல்பி காத்திருந்தான். இருபத்தாறு வயது, தாடி இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஃபுட்பால் ஆடி அவன் முட்டி பெயர்ந்தபோது தூக்கி வந்தவள் மார்சிதான். அதை இருவரும் இந்த எட்டு மாதத்தில் ஒருமுறைகூடப் பேசியதில்லை. அந்த நாகரிகத்துக்காகவே மார்சிக்கு அவனைப் பிடிக்கும்.

"உங்க முழங்காலெல்லாம் ஈரமா இருக்கே, மார்சி."

"வீட்ல ஒரு ரிகர்சல் இருந்துது."

"தயாரா?"

"தயார்."

தரையில் ஒரு முதல் வருட மாணவி கிடந்தாள். பனிச்சறுக்கில் போய் மரத்தில் மோதியவளாம். மார்சி வாசலில் நின்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"கையுறை போட்டாச்சு. இடம் பாதுகாப்பா இருக்கா?"

கோல்பி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டான். ஆனாலும் அவன் பேனா சந்தோஷமாக ஒரு டிக் அடித்தது மார்சிக்குக் கேட்டது.

அதற்கப்புறம் கஷ்டமே இல்லை. காலையில் போன வழியிலேயே வாய் போயிற்று, கை கூடவே போயிற்று. தலை, மூச்சு, நெஞ்சு, ரத்தம். இவ்வளவு எளிதான விஷயத்துக்கா ஒரு வாரம் தூக்கம் கெட்டோம் என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

"நாடி பாக்கறேன். எவ்வளவு?"

கோல்பி அட்டையைப் பார்த்தான். "நூத்திப் பதினெட்டு."

மார்சி அடுத்த வரியைச் சொல்லவில்லை.

நூற்றுப் பதினெட்டு. சரிதானே, எலும்பு உடைந்து வலியில் கிடப்பவளுக்கு நாடி ஓடத்தானே செய்யும். பத்தொன்பது வருடத்தில் அவள் பார்த்த எலும்பு முறிவு எல்லாவற்றிலும் நாடி ஓடியிருக்கிறது. பத்து நிமிடக் குளிரில் அது படுத்துவிடாது.

ஆர்வோவுக்கு ஐம்பத்து இரண்டு.

அவளே எண்ணியது. அவளே சத்தமாகச் சொன்னது. சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனதும் அவள்தான். தெருவில் விழுந்து கிடக்கும் எந்தக் குடிகாரனையும் அவள் கேட்காமல் விட்டதில்லை, எதனால் விழுந்தாய் என்று. சொந்தப் புருஷனைக் கேட்கவில்லை. கேட்டது பிரிட்டாவை. பிரிட்டா அட்டையைப் படித்தாள். அட்டையில் இருந்ததை மார்சி டுவெய்னிடம் சொன்னாள், டுவெய்ன் அதை எழுதி ஆஸ்பத்திரியில் கொடுத்தான்.

"மார்சி?" கோல்பியின் பேனா நின்றிருந்தது. "மூணு நிமிஷம்தான் இருக்கு."

கதவு நான்கடி தூரத்தில் இருந்தது. எழுந்து ஓடினால் படிப்பு போயிற்று. அவன் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான், சுற்றிலும் டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டாள். பிறகு குனிந்தாள். கழுத்து, காறையெலும்பு, வயிறு, இடுப்பு, கால் என்று மிச்சத்தை ஒவ்வொன்றாகச் சொல்லித் தொட்டாள். குரல் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டது. முடிக்கிற நேரத்தில், தாளில் எங்கும் இல்லாத ஒன்றை அந்த மாணவியிடம் கேட்டுவிட்டாள்.

"விழறதுக்கு முன்னாடி உனக்குத் தலை சுத்துச்சா?"

அந்தப் பெண் விழித்தாள். கோல்பியைப் பார்த்தாள்.

"அட்டையில அது இல்ல," என்றான் கோல்பி.

"தெரியும்," என்றாள் மார்சி. "முடிச்சுட்டேன். நேரத்தை நிறுத்திக்கோங்க."

முடிவை வெளியே உட்கார வைத்துத்தான் சொல்வது வழக்கம். கோல்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வழக்கத்தை ஒதுக்கி வைத்தான். "பாஸ். ஒரு இடத்துலகூட விடல. கடைசில ஒண்ணு கேட்டீங்களே, அதுக்கு மட்டும் மார்க் கிடையாது."

"வேண்டாம்," என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இவ்வளவு நாள் ஏங்கிய வார்த்தை காதில் விழுந்ததில் சந்தோஷம் இல்லாமல் இல்லை. உடம்பெல்லாம் ஒரு சூடு ஏறத்தான் செய்தது. அதை அனுபவிக்க நேரமில்லாமல் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினாள்.

*

ஆர்வோ நன்றாகத்தான் இருந்தான். வலது கை கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில், இடது கால் தலையணை மேல். வலி மருந்து கொடுத்திருந்தார்கள். பிரிட்டா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவனுக்கு ஜெல்லியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"முகத்தைப் பாத்தா ஃபெயில்," என்றான் ஆர்வோ.

"பாஸ்."

ஆர்வோ சிரித்தான். சிரித்ததில் தோள் வலித்து முனகினான். பிரிட்டா ஜெல்லிக் கிண்ணத்தோடு எழுந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மார்சியின் கோட்டில் சிவப்பு ஜெல்லி அப்பியது. மகளை ஒரு நிமிடம் அப்படியே அணைத்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நிமிடத்தை மார்சி முழுசாக எடுத்துக்கொண்டாள். எட்டு மாத உழைப்புக்கு அது நியாயம்தான்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவனுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள்.

"பாஸாயிட்டியே, இன்னும் என்ன பயிற்சி?" என்றான்.

"நாப்பத்தி எட்டு," என்றாள். "ஆர்வோ, எப்படி விழுந்த?"

"அதான் ஏணிலேருந்து…"

"அது பிரிட்டாவோட அட்டை. நீ எப்படி விழுந்த?"

ஆர்வோ கூரையைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். தப்பிக்க இடமில்லை என்று தெரிந்ததும் ஒரு மாதிரி சமாதானமாகிவிட்டான்.

"ஏணில நான் ஏறவே இல்ல, மார்சி."

பிரிட்டா ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டாள்.

"மண்வெட்டியை எடுத்துட்டு நடந்துட்டிருந்தேன். பனியெல்லாம் கறுப்பாயிடுச்சு. அப்புறம் பாத்தா கீழ கிடக்கறேன், வானம் தெரியுது. நீங்க ரெண்டு பேரும் கதவைத் திறந்துட்டு வர்றீங்க."

"ஏணிப் படியில பூட்ஸ் பனி ஒட்டவே இல்ல," என்றாள் பிரிட்டா மெதுவாக. "நான் பாத்தேம்மா. பாத்துட்டே அட்டையைப் படிச்சேன்."

"டுவெய்ன் கேட்டப்ப ஏன் சொல்லல?" என்றாள் மார்சி.

"சொல்லியிருந்தா நீ பரீட்சைக்குப் போயிருப்பியா?"

அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அந்தத் தொப்பி இல்லாத தலையை இழுத்து மார்பில் வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் அப்புறம் செய்யலாம். மார்சி குரலை ஆம்புலன்ஸ் குரலாக்கிக்கொண்டாள்.

"இந்த மாதிரி ஆனது இதுதான் முதல் தடவையா?"

ஆர்வோ மகளைப் பார்த்தான். "பிரிட்டா, அப்பாவுக்கு ஒரு காபி வாங்கிட்டு வாயேன்."

பிரிட்டா போகவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள். "அம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லுப்பா."

"ரெண்டாவது," என்றான் ஆர்வோ. "முதல் தடவை பனி தள்ளற வண்டியை ஓட்டிட்டிருந்தேன்."

மார்சி அவன் மணிக்கட்டை விடாமலே, இன்னொரு கையால் நர்ஸை அழைக்கும் பொத்தானை அழுத்தினாள்.